மூன்றாம் ஓலை

பாஸ்டர் ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டுதான் எதையும் வாசிப்பார். அன்றும் அப்படித்தான் வாசித்தார்.

"பட்டாபிராம் சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற தேவசகாயம் அவர்களின் குமாரத்தி கிருபா என்பவருக்கும், ஐயப்பன்தாங்கலைச் சேர்ந்த ஸ்டீபன் என்பவருக்கும்..."

ஆடி போயும் வெயில் போகாத ஒரு ஞாயிறு. பெண்கள் பக்கத்து மின்விசிறி சுற்றுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தது. மல்லிப்பூ வாசனை, வியர்வை, யாருடைய குழந்தையோ மென்று துப்பிய பிஸ்கட் வாசனை. என் உள்ளங்கை வேர்த்து, பாட்டுப் புத்தக அட்டையின் சிவப்புச் சாயம் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கிருபா எனக்கு இரண்டு வரிசை முன்னால், முக்காடு போட்டு, தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். என் கணவரின் ஒரே தங்கை. எனக்கு நாத்தனார்.

"இது மூன்றாம் ஓலை. இவர்கள் திருமணத்தில் இணைவதற்கு நியாயமான தடை ஏதாவது யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே தெரிவிக்க வேண்டும்."

தடை எனக்குத் தெரியும். எழுந்து நின்று சொல்வதாகக் கிருபாவுக்கு வாக்கும் கொடுத்திருந்தேன்.

ஓலை என்றால்

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவே, பெண் மாப்பிள்ளை பெயரைச் சபையார் முன்னிலையில் வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பேர். பனை ஓலையெல்லாம் கிடையாது, கம்ப்யூட்டரில் அடித்த காகிதம்தான். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் இன்னொரு பெண்டாட்டி இருந்தாலோ, பெண்ணைக் கட்டாயப்படுத்தியிருந்தாலோ, தெரிந்தவர் எழுந்து சொல்லலாம். சொன்னால் பாஸ்டர் கல்யாணத்தை நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டும்.

யாரும் எழுந்ததில்லை. ஒரே ஒரு முறை, நான் கல்யாணமாகி வந்த புதிதில், பின்வரிசையில் ஒருவர் தடாலென்று எழுந்தார். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாக அவர் பைக்கை யாரோ தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டாராம்.

வண்டிக்காக எழுந்திருக்கிறார்கள். பெண்ணுக்காக நான் பார்த்ததில்லை.

நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரை விடாமல் படிக்கும் கொரட்டூர் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "ஏழு வருடம் ஆராய்ச்சி செய்தேன் என்று அடிக்கடி சொல்கிறீர்கள் டீச்சர், எதைப் பற்றி என்று மட்டும் சொல்வதே இல்லையே, ஏன்?" சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் கிருபா. இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். இனிமேலும் தள்ளிப்போட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் படித்தது

ஆவடி தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் என்றால் என்ன, "காய்ச்சலால் அவதிப்படுவதால் இரண்டு நாள் விடுப்பு வேண்டும்" என்று பையன்களுக்கு எழுதப் பழக்குவது. அவர்கள் அதை என்னிடமே எழுதிக் கொடுத்துவிட்டு சினிமாவுக்குப் போவார்கள். திடீரென்று நிர்வாகம் சொன்னது: முனைவர் பட்டம் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

நகரத்தில் ஒரு பேராசிரியர் என்னைச் சேர்த்துக்கொண்டார். இடைக்கால ஆங்கிலக் கவிதைகளில் திருமணமும் பெண்ணின் அதிகாரமும் என்று தலைப்புக் கொடுத்தார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்துதான் புத்தகத்தைப் பிரித்தேன். அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம் அது. பார்த்தால் ஆங்கிலம் போல இருக்கும், படித்தால் இருக்காது.

பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில்தான் பெரும்பாலும் படித்தேன். கொய்யாப்பழம் விற்கும் ஒரு அம்மாள் தினமும் என் எதிரே கூடையை இறக்கி வைப்பார்.

"இன்னா டீச்சரம்மா, இந்த வயசுல பரீச்சையா?"

"ஆராய்ச்சிம்மா. கல்யாணத்துல பொம்பளைக்கு எவ்ளோ அதிகாரம்னு."

"எந்த ஊர்ல?"

"இங்கிலாந்துல. அறுநூறு வருசத்துக்கு முன்னாடி."

"அத்தத் தெரிஞ்சிக்க அம்மாந்தூரம் போவணுமா? எங்க ஊட்டாண்ட வா, நான் சொல்றேன். அர பக்கத்துல முடிஞ்சிரும்."

பெட்டியே சிரித்தது. நானும்தான். ஆனால் ஏழு வருடத்தில் நான் எழுதிய முன்னூறு பக்கமும் அந்த அரைப் பக்கத்தைத் தாண்டிப் போகவில்லை.

அந்தக் கவிதைகளில் பெண்கள் பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள், புருஷனை முட்டாளாக்குகிறார்கள். படிக்கும்போது அதிகாரம் அவர்கள் கையில் இருப்பது போலத்தான் தோன்றும். கூர்ந்து பார்த்தால், நான் படித்தவரையில், பயமில்லாமல் பேசுகிறவள் அநேகமாக விதவையாக இருப்பாள். மற்றவர்கள் முழங்காலில் நின்று கேட்கிறவர்கள். ஒரு வரியில் புருஷன் "உன் இஷ்டம்" என்று விட்டுக்கொடுப்பான். அடுத்த வரியிலேயே அவள் அந்த இஷ்டத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். என் பேராசிரியர் அதை இணக்கம் என்றார். பயம் என்று நான் எழுதினேன். அந்தப் பக்கத்தை அவர் அடித்துவிட்டார், நான் மறுபடி சேர்த்துவிட்டேன். அவ்வளவு தைரியசாலி நான், காகிதத்தில்.

எனக்குப் பிடித்தது நான்காம் அத்தியாயம். அந்தக் காலத்தில் கல்யாணம் ஆலய வாசலில், ஊர் கூடி நிற்க நடக்கும். பெண்ணின் சம்மதம்தான் கல்யாணம். சம்மதம் இல்லாவிட்டால் அது கல்யாணமே இல்லை என்பது திருச்சபைச் சட்டம். சரி, பெண் வாயே திறக்காவிட்டால்? மௌனம் சம்மதம் என்று நம் ஊரில் சொல்வதுதான் அங்கேயும். அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம் எழுதினேன். ஓலை வாசிக்கும் வழக்கமும் அங்கே பிறந்ததுதான். வெள்ளைக்காரப் பாதிரிகளோடு கப்பலேறி வந்து எங்கள் பட்டாபிராம் கோயிலில் இறங்கிவிட்டது.

டைப் அடித்தவள்

ஆவடி ஸ்டேஷன் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கிருபா டைப் அடிக்கும் வேலை பார்த்தாள். வக்கீல் நோட்டீஸ், ஜாதகம், காலேஜ் ப்ராஜெக்ட் என்று எது வந்தாலும் அடிப்பாள். என் ஆய்வேட்டையும் அவள்தான் அடித்தாள், கடை வேலை முடிந்த பிறகு, சாயங்காலங்களில்.

"அண்ணி, பக்கம் முழுக்கச் செவப்புக் கோடா வருது. கம்ப்யூட்டரே ஒத்துக்க மாட்டேங்குது இந்த இங்கிலீஷ."

ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தாள். நான் விட்ட பிழைகளைக்கூடக் கண்டுபிடித்தாள். அடித்துக்கொண்டே கேட்பாள்.

"இதுல வர்ற பொண்ணுங்கள்ல ஒருத்தியாச்சும் கல்யாணமே வேணாம்னு சொல்றாளா அண்ணி?"

"ஒண்ணு ரெண்டு பேரு சொல்றாங்க. கன்னியாஸ்திரியா போறேன்னு."

"அப்போ போறதுக்கு இன்னொரு எடம் இருந்தாத்தான் வேணாம்னு சொல்ல முடியும் போலக்கீது."

நான் சிரித்தேன். என் பேராசிரியருக்கு அந்த ஒரு வரி தோன்றியிருந்தால் புத்தகமே எழுதியிருப்பார்.

ஏட்டின் முகப்பில் நன்றிப் பக்கம் ஒன்று உண்டு. கர்த்தருக்கு, பேராசிரியருக்கு, கல்லூரி முதல்வருக்கு, "என் கல்விக்குத் தடையாக நில்லாத" என் கணவருக்கு என்று வரிசையாக எழுதியிருந்தேன். கிருபாவின் பெயர் விட்டுப்போயிற்று. வேண்டுமென்று செய்யவில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தையும் அவள்தான் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

கையெழுத்து

ஏட்டைக் கொடுத்து ஒரு வருடம் கழித்து இரண்டு காரியங்கள் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. என் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. கிருபாவின் கல்யாணம்.

மாப்பிள்ளை ஸ்டீபன் ஐயப்பன்தாங்கலில் சொந்தமாக வேன் வைத்து ஓட்டினான். ஆள் பார்க்க லட்சணமாக இருந்தான், கோயிலில் பாடுவான். பெண் பார்க்க வந்த அன்று கிருபாவோடு தனியாகப் பேச வேண்டும் என்று மொட்டை மாடிக்குப் போனான். அவர்கள் போன பிறகு, கொடியில் துணி எடுக்கும்போது அவள் என்னிடம் சொன்னாள்.

"போனைக் குடுன்னுகூடக் கேக்கல அண்ணி, கைய நீட்டுனான். நான் குடுக்கல. மணிக்கட்டப் புடிச்சான். வலிக்குதுன்னேன். சிரிச்சிகினே இன்னும் அழுத்துனான். அப்புறம் போனை வாங்கி, கடை ஓனர் நம்பர், கூட வேல செய்ற பசங்க நம்பர் எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திருப்பிக் குடுத்தான்."

மணிக்கட்டில் நான்கு விரல் தடம் இருந்தது. எனக்கு இவன் வேண்டாம் என்றாள். அன்றைக்கே என் மாமியாரிடமும் சொன்னாள்.

"மனசுல எவனையாவது வெச்சிகினு கீறியாடி?" என்று மாமியார் கேட்டார்.

"இல்லம்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு வேணாம்ன்ற? அப்பன் இல்லாத பொண்ணு நீ. நான் இன்னிக்கோ நாளைக்கோன்னு கீறேன்."

வேறு ஆள் இருப்பதால் வேண்டாம் என்றால் அடித்திருப்பார்கள், ஆனால் புரிந்திருக்கும். ஆளே இல்லாமல் வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

ஓலை வாசிக்க கோயிலில் ஒரு படிவம் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். என் கணவர் ஜெயசீலன் அதை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். "உன் கையெழுத்துதான் முத்து முத்தா கீது, நீயே எழுதிடு." எழுதினேன். அதில் "இருவரும் சுயவிருப்பத்தோடு" என்று ஒரு வரி. அதன் கீழே பெண் கையெழுத்துப் போட வேண்டும்.

கிருபா பேனாவைத் தொடவில்லை. மாமியார் அழுதார். என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இது கல்யாணம் இல்ல கிருபா. ஓலை வாசிக்கத்தான் கேக்கறாங்க. மூணு ஞாயிறு இருக்கு. அதுக்குள்ள உங்க அண்ணன் கிட்ட நான் பேசறேன். அவரு கேக்கலன்னா மூணாவது ஓலைல நான் எழுந்து நின்னு சொல்றேன், இந்தப் பொண்ணுக்குச் சம்மதம் இல்லன்னு. சொன்னா பாஸ்டர் விசாரிச்சுத்தான் ஆகணும். அதுக்காகத்தான் இந்த வழக்கத்தையே வெச்சிருக்காங்க. நான் ஏழு வருசம் படிச்சிருக்கேன்டி."

"நானே எழுந்து சொல்லக் கூடாதா அண்ணி?"

"நீ சொன்னா ஆள் இருக்குன்னு கத கட்டுவாங்க. நான் சொன்னா மரியாதையாக் கேப்பாங்க."

"சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

 அவள் கூடத்துக்கு வந்து, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

படிக்காத ஒரு அண்ணி இருந்திருந்தால் கிருபா அன்றைக்குப் போடமாட்டேன் என்று அடம் பிடித்திருப்பாள். இரண்டு அடி வாங்கியிருப்பாள். கல்யாணம் நின்றிருக்கும். அவள் அடத்தைக் கரைத்தது என் படிப்பு.

ஸ்கூட்டர் துடைத்தவர்

முதல் ஓலை போயிற்று. இரண்டாம் ஓலை போயிற்று. இன்று பேசலாம், நாளை பேசலாம் என்று நானும் நாளை ஓட்டினேன். மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், வாசலில் என் கணவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் வாயைத் திறந்தேன்.

"கிருபாவுக்கு அந்தப் பையனப் புடிக்கலங்க."

"புடிச்சித்தான் எல்லாரும் கட்டிக்கினாங்களா? நீ என்னப் புடிச்சா கட்டிகின?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துத் தொலைத்தேன். மணிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் துணியைப் பிழிந்து, முன் விளக்கை இன்னொரு முறை துடைத்தார்.

"எஸ்தரு, ஏழு வருசம் உன் படிப்புக்கு நான் குறுக்க நின்னேனா?"

"இல்ல."

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு நீ குறுக்க நிக்காத. பத்திரிகைல உன் பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்டுகீறேன். செவ்வாக்கெழம போய் அத வாங்கிகினு வா. அது போதும்."

உண்மைதான், பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. தங்கள் வரவை விரும்பும் முனைவர் எஸ்தர் ஜெயசீலன் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். வாங்காத பட்டம் பாதி பட்டாபிராமுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

என் கணவர் என்னை அடித்தவர் இல்லை. குடிப்பவர் இல்லை. நான் ரயிலில் போன நாட்களில் எங்கள் பையனுக்குச் சோறு ஊட்டியவர். குறுக்கே நிற்காமல் இருந்தார், அவ்வளவுதான். அதையே ஏழு வருடம் பெரிய உபகாரம் என்று தலையில் சுமந்தவள் நான். செவ்வாய்க்கிழமை தேர்வு. அது இல்லாவிட்டால் வேலை இல்லை. வீட்டில் சண்டையை மூட்டிவிட்டு அந்த அறைக்குள் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. இவ்வளவையும் அன்று மத்தியானமே நான் யோசித்து முடித்துவிட்டேன் என்பதுதான் அசிங்கம்.

ஒரு நிமிடம்

"தெரிந்திருந்தால் இப்போதே தெரிவிக்க வேண்டும்" என்று பாஸ்டர் ஐயா நிறுத்தினார்.

இந்தக் கதையை இரண்டொருவரிடம் முன்பு சொன்னபோதெல்லாம், அவர் நிறுத்தவே இல்லை, மூச்சு விடாமல் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவர் நிறுத்தினார். காகிதத்தை மடித்தார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார், சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். நல்ல மனிதர், முறையாகத்தான் செய்தார். நேரம் இருந்தது.

ஆண்கள் பக்கத்தில் என் கணவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. அதற்கு மேல் உடம்பில் எதுவும் அசையவில்லை.

கிருபா திரும்பினாள். கோபமாகப் பார்த்திருந்தால் ஒருவேளை எழுந்திருப்பேனோ என்னவோ. நேரத்துக்கு வர வேண்டிய பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆண்கள் ஐக்கியக் கூட்டம் இன்று மாலை ஐந்து மணிக்கு" என்றார் பாஸ்டர் ஐயா.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாஸ்டர் சட்டுனு அடுத்ததுக்குப் போயிட்டாரு கிருபா." அந்தப் பொய்யை முதலில் அவளிடம்தான் சொன்னேன்.

"ஆமா அண்ணி."

"இன்னும் பத்து நாள் இருக்கு. பாத்துக்கலாம்."

"மொதல்ல உங்க பரீச்சை முடியட்டும் அண்ணி" என்றாள். வெங்காயக் கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளங்கைச் சிவப்பைக் கழுவ வேண்டும் என்று சாக்கு இருந்தது, போய்விட்டேன்.

நல்ல பதில்

செவ்வாய்க்கிழமை தேர்வு அறையில் இருபது பேர் இருந்தார்கள். என் கணவர் ஸ்வீட் பாக்ஸோடு கடைசி வரிசையில். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், மெதுவாகப் பேசுபவர். நான்காம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"மணப்பெண்ணின் மௌனத்தைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஆலய வாசலில் ஊரே நிற்கிறது. அவளுக்கு விருப்பமில்லை என்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் ஏன் பேசுவதில்லை? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே?"

ஏழு வருடத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பதில் உடனே வந்தது.

"பெண் வேறு ஊருக்குப் போய்விடுவாள் சார். வாய் திறந்தவர்தான் மறுநாளும் அங்கேயே, அதே மனிதர்களோடு இருந்தாக வேண்டும். அதனால் பேசமாட்டார்கள்."

அவர் தலையை ஆட்டி, என் ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். பட்டம் கிடைத்தது, கை தட்டினார்கள்.

பத்து நாளும் பத்து நிமிடமாகப் போயிற்று. கல்யாணத்தன்று, சம்மதமா என்று பாஸ்டர் ஐயா கேட்டதற்கு, கிருபா எல்லோருக்கும் கேட்கும்படி "சம்மதம்" என்றாள். என் ஆராய்ச்சிப்படி அது செல்லுபடியாகும் கல்யாணம்.

முத்து முத்தான எழுத்து

இரண்டு தடவை அவள் திரும்பி வந்தாள். ஆறாம் மாதம் ஒரு முறை. மாமியார் முறுக்கு டப்பாவோடு திருப்பி அனுப்பிவைத்தார். ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு முறை. அதற்கு நாற்பது நாள் பொறுத்து ஸ்டீபன் வீட்டிலிருந்து போன் வந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த உடம்பை என் மாமியார்தான் குளிப்பாட்டினார். வெளியே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். என்ன பார்த்தார் என்று அவர் சாகும்வரை எங்களிடம் சொல்லவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அப்போது எழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். என் கணவர் அன்றிலிருந்து இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. தேர்வாளரிடம் நான் சொன்ன பதில் சரிதான் என்று தெரிந்துகொண்டேன். தாங்க முடியாததும் இல்லை அது. சோறு பொங்கினேன், வேலைக்குப் போனேன், உயிரோடுதான் இருந்தேன்.

வழக்கு பல வருடம் நடந்தது. கூண்டில் நின்ற என்னிடம் ஸ்டீபனின் வக்கீல் ஒரு காகிதத்தைக் காட்டினார். கோயிலில் கொடுத்த படிவம்.

"இது யார் கையெழுத்தும்மா?"

"கிருபாவோடது."

"சுயவிருப்பத்தோடுன்னு மேல எழுதியிருக்கே, இந்த எழுத்து?"

"என்னோடது."

"நீங்க முனைவர் பட்டம் வாங்குனவங்க. எதுல?"

சொன்னேன். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தபோது ஏன் எழுந்து சொல்லவில்லை என்று கேட்டார்.  சந்தேகத்தின் பலன் என்று ஸ்டீபனை விட்டுவிட்டார்கள். அவனுக்கு மறுபடி ஓலை வாசித்துக் கல்யாணமும் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன்.

கடைசித் தடவை

ஆனால் எனக்குத் தூக்கத்தில் வருவது கோயிலோ கோர்ட்டோ இல்லை. அவள் இரண்டாம் தடவை வந்த நாள்.

தோள்பட்டை எலும்புக்கு மேலே வீங்கியிருந்தது. மூன்று நாள் இருந்தாள். நாலாம் நாள் மாமியார் என்னிடம் வந்தார்.

"நீயே இட்டுகினு போய் உட்டுட்டு வாம்மா. படிச்சவ நீ. நீ எடுத்துச் சொன்னா அந்தப் புள்ள கேப்பான்."

போனேன். பூந்தமல்லி வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து ஐயப்பன்தாங்கலுக்கு இன்னொன்று. மத்தியான வெயில். கிருபா பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டே இருந்தேன், வழியில் எந்த ஸ்டாப்பிலும் கிடைக்கவில்லை. போகாதே, வேறு எங்கேயாவது தனியாக இருந்துகொள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் வாயில் வரவில்லை.

இறங்கி அவர்கள் தெருவுக்குள் நடந்தோம். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அவள்தான் பேசினாள்.

"அண்ணி, அன்னிக்கு உங்க பரீச்சைல இன்னா கேட்டாங்க? நீங்க சொல்லவே இல்லியே."

அத்தனை பக்கத்தையும் அடித்தவள் அவள். முடிவு என்ன ஆயிற்று என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னேன். கூட்டத்தில் நிற்கிறவர்கள் ஏன் பேசுவதில்லை என்று கேட்டதாகச் சொன்னேன்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

அதையும் சொன்னேன். பெண் போய்விடுவாள், பேசியவர்தான் அங்கேயே இருக்க வேண்டும் என்று.

கிருபா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கரெக்ட்டாத்தான் சொல்லிகீறீங்க அண்ணி" என்றாள். "அந்த நாலாவது சாப்டர் நல்லா வந்திருந்திச்சி. அடிக்கும்போதே நெனச்சேன்."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்டைத் திறந்து உள்ளே போய், கொக்கியை அவளே மாட்டினாள். அங்கிருந்து பஸ் டிப்போ பக்கம்தான். நான் நிற்கவே வேண்டியிருக்கவில்லை, போன உடனே பஸ் கிடைத்தது.